தாய்மாமன் மடி வரும் வழி

காசிமேடு
4–11–1953

அன்புத் தம்பி தேசப்பனுக்கு அக்கா புஷ்பவல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். வலை நிறைய வாளை விழுகிறது. உன் மாமா முகத்தில்கூடச் சிரிப்பு.

ராஜாத்திக்கு வரும் மாசியில் காது குத்த நாள் பார்த்தாகிவிட்டது. நீ அந்தமான் மர மில்லுக்குப் போனபோது கைக்குழந்தை. இப்போது ஆறு வயது. அவள் ஜோடிப் பிள்ளைகள் கம்மலை ஆட்டிக்கொண்டு திரிகிறார்கள், இவள் காது மொட்டையாக இருக்கிறது. எனக்கிருப்பது நீ ஒரே தம்பி. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் ஊர் என்ன சொல்லும்? உனக்காகவே மூன்று தடவை தள்ளிவைத்தேன். இந்தத் தடவை சாக்கு சொல்லாமல் வந்து சேர்.

உன் அக்கா
புஷ்பவல்லி

போர்ட் பிளேயர்
29–11–1953

அன்புள்ள அக்காவுக்கு,

வர எனக்கு ஆசையில்லையா? தூரம்தான் வழிமறிக்கிறது. எண்ணூற்றைம்பது மைல். கப்பலில் நாலு நாள் வீண். மில் கிளார்க் தாமஸ் கணக்குப் போட்டுச் சொன்னார், ஆகாய விமானமென்றால் ஐந்தரை மணி நேரம்தானாம்! காலையில் இங்கே கஞ்சி, மத்தியானம் உன் கை மீன்குழம்பு. விமானம் இறங்க இடம்கூட இருக்கிறது, யுத்தத்தில் ஜப்பான்காரன் போட்டது. விமானம் ஒன்றுதான் பாக்கி. இப்போதைக்கு அங்கே மாடு மேய்கிறது. விமானம் விட்டதும் முதல் ஆளாக ஏறிவிடுகிறேன். அதுவரை காது பொறுக்கட்டும்.

அன்புத் தம்பி
தேசப்பன்

காசிமேடு
20–12–1953

தம்பிக்கு,

நீ சொல்லும் விமானம் வருவதற்குள் ராஜாத்தியின் பேத்திக்கே காது குத்திவிடுவார்கள். யாரிடம் கதை விடுகிறாய்? கட்டுமரம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் அப்பா மேலேயே வாந்தி எடுத்த பிள்ளை நீ. அந்தமான் கப்பலில் நாலு நாளும் நீ தலை தூக்கவில்லை என்று கூட வந்த ராசையா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதது உன் தப்பில்லை. அதற்காகத் தூரத்தின் மேல் பழி போடாதே.

வராவிட்டால் உன் வேட்டி ஒன்றை அனுப்பிவை. மணையில் விரித்து, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்துக் குத்திவிடுகிறேன். பவுனம்மாள் அத்தை சொன்ன யோசனை. அழுதுகொண்டே எழுதுகிறேன், சிரிக்காதே.

ராஜாத்தி கேட்டதையும் எழுதிவிடுகிறேன். "வேட்டி மேல நான் இன்னாத்துக்குக் குந்தணும்? வேட்டி வர்ற கப்பல்ல மாமா வரக்கூடாதா?" இதற்குப் பதிலை நீயே அவளுக்கு எழுது.

புஷ்பவல்லி

கப்பலில்
மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன்

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசலில் நின்று நானே கையில் கொடுப்பேன். வாயைத் திறந்து பேசும் நிலையில் இருக்க மாட்டேன், அதனால்தான் எழுத்து. ஒரு கையில் பென்சில், ஒரு கையில் வாளி. கப்பல்காரர்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். காசிமேடு என்று சொல்ல வெட்கப்பட்டுக் கோயம்புத்தூர் என்று சொல்லிவிட்டேன்.

மீன்குழம்பு வேண்டாம், அதன் பேரைக்கூட எடுக்காதே. ஒரு எலுமிச்சம்பழமும் ஆடாத தரையும் போதும். மாமா மடி இரண்டு நாளைக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கும், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி ராஜாத்தியிடம் சொல்.

நீ கேட்ட வேட்டியையும் கொண்டு வந்திருக்கிறேன். இடுப்பில்.

தேசப்பன்