நகலில் விழுந்த சிவப்பு

மார்ச் 4, திங்கள்

ஆஸ்பத்திரி மென்பொருளில் மருந்து ஒவ்வாமையைச் சோதிக்கும் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. டாக்டர் எழுதும் மருந்து நோயாளிக்கு ஆகாது என்றால் திரையில் சிவப்புக் குறி விழ வேண்டும். பழைய சர்வர் மூச்சு வாங்குகிறது. அதனால் இந்தப் பகுதி மட்டும் வேறு ஊர் சர்வருக்குக் குடிபோகிறது. அடுத்த வாரம் வார்டுகளில் ஓட வேண்டும்.

ஜாவா என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரைப் பதிந்து வைக்கிறோம். பெயரைத் தேடினால் அது வந்து நிற்கும். லோக்கல் என்றால் பக்கத்திலிருந்து, ரிமோட் என்றால் எங்கிருந்தோ. எங்கள் குழுத் தலைவர் (நாங்கள் வைத்த பெயர் கேப்டன்) சொன்னார்: "லோக்கலை எடுத்துட்டு ரிமோட்டைப் போடும்மா. டீ குடிக்கிற நேரம்தான்."

மார்ச் 5, செவ்வாய்

மாற்றினேன். கூப்பிட்டேன். வந்தது.

நான் பார்த்தே இராத ஊரில், ஏதோ ஒரு குளிர்ந்த அறையில் இருப்பது, பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் பதில் சொன்னது. தூரம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்டு எல்லோராலும் எப்படிச் சாப்பிடப் போக முடிகிறது? நான் போகவில்லை. சும்மா இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

மார்ச் 7, வியாழன்

சோதனைத் திரையைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். "இவருக்குப் பென்சிலின் ஆகாதுன்னு பதிஞ்சிருக்கே. குறியே விழலையேம்மா."

பிழைச் செய்திகூட இல்லை. எல்லாம் சரி என்று சாதிக்கிறது திரை. இது வார்டுக்குப் போயிருந்தால்?

அந்த ஊர் சர்வரில் பார்த்தேன். குறி போட்டிருக்கிறது. அப்புறம் எங்க போச்சு?

திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழைய சர்வரையே கட்டி அழ வேண்டும் என்றார் கேப்டன். அது இந்த மாதம் தாங்குமா என்பது அவருக்கே தெரியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

அங்கே இருக்கு. இங்கே இல்லை. ஏன்?

மார்ச் 9, சனி

வீட்டுக்குத் தச்சரிடம் செய்யச் சொன்ன புத்தக அலமாரி வந்து இறங்கியது. மேல் தட்டு குட்டை. பெரிய புத்தகங்கள் நிற்கவில்லை. தச்சர் நான் கொடுத்த வரைபடத்தைக் காட்டினார். அளவு அதில் உள்ளபடிதான். அதைச் சரிபார்க்கிறேன் என்று வாங்கியது வெளியூரில் இருக்கும் அக்கா. போன் போட்டேன்.

"உயரத்தை அன்னைக்கே திருத்திட்டேனேடி."

"எதுல?"

"என் போன்ல இருக்கிற படத்துல."

"அதை எனக்கு யாரு கொண்டுவந்து தருவா, புறாவா?"

"நீ திருப்பிக் கேக்கவே இல்லையே."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அவளிடம் போனது நகல். அவள் திருத்தியதும் நகலைத்தான்.

ஒரே சர்வரில் இருந்தவரை நோயாளியின் பதிவையே சோதிக்கும் பகுதியின் கையில் கொடுத்தோம். குறி அதிலேயே விழுந்தது. தூரத்துக்குப் போவது நகல். குறி நகலில் விழுந்து, நகலோடு அங்கேயே மறைந்துபோகிறது. அந்தப் பகுதி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. நான்தான் திருப்பிக் கேட்கவில்லை.

அளவு டேப்போடு நின்ற தச்சர், பாவம், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ஆபீஸில் ஆளில்லை. குறியிட்ட பதிவைத் திருப்பி அனுப்பவும், அதை இங்கே வாங்கி வைக்கவும் எழுதினேன். சிவப்பு விழுந்தது.

தூரமே தெரியவில்லை என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். தூரம் இருக்கிறது. இருந்தும், போனது திரும்பி வருகிறதே — இது அதைவிடப் பெரிய அதிசயம்.

மார்ச் 11, திங்கள்

கேப்டன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 19, செவ்வாய்

வார்டில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். ஒரு கட்டிலருகே டாக்டர் கணினியில் மருந்தின் பெயரைத் தட்டினார். சிவப்பு. அழித்துவிட்டு வேறொன்றை எழுதினார். படுத்திருந்த அம்மாளிடம் ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. கதவோரம் நான் மட்டும் மயிர்க்கூச்செறிந்து நின்றேன்.

மேல் தட்டை மாற்றித் தரவா என்று தச்சர் இன்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெரிய புத்தகங்கள் படுத்தே இருக்கட்டும்.