பாய்லர் காட்டிய எண்

இன்னும் ஒரு மாதம் என் மனைவியாக இருப்பவளுக்கு,

இன்று காலை வீட்டைச் சூடாக்கும் பாய்லர் இருபத்தெட்டு என்ற எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. கையேட்டில் 'தீ பற்றவில்லை' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். லீட்ஸில் அப்படியொரு உறைபனி.

இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்திலும் இதே எண்தான். நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ பின்சுவருக்கு வெளியே, பாய்லரின் உறைந்து அடைத்துப்போன கழிவுநீர்க் குழாயில் வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு நின்றாய்.

"கிளைவ், படிச்சது போதும். வெதுவெதுன்னு தண்ணி கொண்டா. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா குழாய் வெடிச்சிடும்."

"ரிப்பேர் ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

"அவர் வர்றதுக்குள்ள வசந்தமே வந்துடும், புரொபசர்."

அன்று வந்திருந்த உன் அக்கா அதற்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பனி உருகி, பாய்லர் உறுமியதும் நாம் இருவரும் குழந்தைகள்போலக் கைதட்டினோம்.

இன்று அந்தக் குழாயில் நானே வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். பாய்லர் பற்றிக்கொண்டது. உள்ளே ஓடிவந்து மாடியைப் பார்த்து, "வந்துடுச்சு, இறங்கி வா" என்று கத்திவிட்டேன்.

நீ இங்கிருந்து போன இந்த ஏழு மாதமாக, வீட்டை விற்கும் தாளில் கையெழுத்துப் போடாமல் உன்னை இழுத்தடித்தேன். உனக்கு நன்றாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

வீடு இப்போது நன்றாகச் சூடேறிவிட்டது. இதில் இனி என்னால் இருக்க முடியாது. கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கீழே நின்று கூப்பிட்டவன்