வாட்ச் பிடித்தவனின் மகளுக்கு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் பழையபடியே இருக்கின்றன, மற்றபடி இருவரும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், போனில் கேட்ட குரல் அப்படிச் சொல்லவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சமாசாரம். உனக்கு மலையாளம் ஓடுகிற ஓட்டம் தமிழ் ஓடாது என்று தெரிந்து பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படி, இதற்கு யாரும் கடிகாரம் வைக்கவில்லை.

உன் பேஸ்பால் ஆட்ட வீடியோவை நாங்கள் பார்த்துவிட்டோம். பார்க்காதீர்கள் என்று நீ சொன்னாய், சொன்னால் பார்க்காமல் இருப்போமா. உன் அத்தை மகன் ஷங்கர் வந்து டிவியில் போட்டுக் காட்டி விளக்கினான். பந்தை எறிகிறவன் பதினெட்டு நொடிக்குள் எறிந்துவிட வேண்டும், கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் எறியாமலே ஒரு தப்புப் பந்து கணக்காகிவிடும், அன்றைக்கு மூன்று தப்பு ஏற்கெனவே ஆகி மூன்று கட்டத்திலும் எதிராளிகள் நின்றிருந்ததால் அந்த நான்காவதில் ஒருவன் சும்மா நடந்துவந்தே ரன் எடுத்துவிட்டான், உங்கள் ஊர் டீம் அந்த ஒரு ரன்னில் தோற்றது, அந்தக் கடிகாரத்தை ஓட்டியது நீ. இவ்வளவும் புரிய எனக்கு இரண்டு சாயா ஆயிற்று. உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் "நம்ம மணிக்குக் கை கொஞ்சமாச்சும் நடுங்குச்சா பாத்தீங்களா" என்று பூரித்துப்போனாள். படத்தில் உன் கை எங்கே தெரிந்தது, நம்பர்தான் தெரிந்தது. அதைச் சொன்னதற்கு எனக்கு அன்று மீன்குழம்பில் தலை கிடைக்கவில்லை. மறுநாள் மீன்காரம்மா கமலாக்ஷியிடம் அமெரிக்காவுக்கே மணி பார்த்துச் சொல்வது எங்கள் பெண்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

நீ உட்கார்ந்து கடிகாரம் ஓட்டும் இடத்துக்குப் பின்னால் தொப்பி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் "அவர்களை விளையாட விடு" என்று கத்துகிறாரே ஒரு பெரியவர், உண்மையைச் சொன்னால் நான் அவர் கட்சி. கடிகாரமே கிடையாது, முடியும்போது முடியும் என்று நீ முதலில் சொன்னபோதுதான் எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு மரியாதையே வந்தது. அதற்கும் கொண்டுபோய்க் கடிகாரம் கட்டிவிட்டார்கள். போதாததற்குப் பந்துக்குப் பந்து பாட்டு, பீரங்கி வைத்துக் கூட்டத்துக்கு இலவசச் சட்டையைச் சுட்டு வீசுவது. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது. போன சீசனில் நானும் ஹரிநாராயணனும் போட் பிடித்து எர்ணாகுளம் இறங்கி, பஸ் ஏறிக் கலூர் ஸ்டேடியத்துக்குப் போனோம். கோல் விழுவதற்கு முன்பே ஸ்பீக்கர் அலறுகிறது. ஐந்து பேரை மாற்றலாமாம், யார் உள்ளே யார் வெளியே என்று பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஹரி தன் காது மிஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பார்த்தான், ஆஃப்சைடுக்கு விசில் ஊதியது கேட்காமல் ஸ்டேடியத்திலேயே தனியாக எழுந்து நின்று கோல் என்று கத்தினான். இழுத்து உட்காரவைப்பதற்குள் என் மானம் போய்விட்டது. ஆகையால் அந்தப் பெரியவர் கத்துவது எனக்குப் புரிகிறது, அவர் மேல் கோபப்படாதே. சட்டம் பிடிக்கவில்லை என்று கத்த அவருக்கு உரிமை உண்டு. ஆனால் உன் மேலாளர் உன்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் தாமதமாகக் கடிகாரப் பட்டனை அமுக்கியிருக்கலாமே, இரண்டு நொடி யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாராமே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் நீ வேலையை விடப்போகிறேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதமும்.

நான் வாட்ச் பிடித்த கதை உனக்குத் தெரியும். மழைக்கு முன்னால் நடக்கும் ஏழு பேர் பந்தாட்டத்தில் தெருவுக்கு ஒரு டீம் உண்டு, தமிழர்களுக்கு மட்டும் டீம் கிடையாது. கொங்கணிக்காரர் வாட்ச் பிடித்தால் மலையாளிகள் நம்ப மாட்டார்கள், மலையாளி பிடித்தால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள், அதனால் யார் பக்கமும் இல்லாத தமிழன் கையில் வாட்சைக் கொடுத்துவிடுவது வழக்கம். நேரம் முடிந்ததும் நான் சிவப்புத் துண்டைத் தூக்க வேண்டும், அதைப் பார்த்து ரெஃபரி விசில் ஊதுவார். இதுவரை உனக்குச் சொன்னதுதான். சொல்லாதது ஒன்று இருக்கிறது.

நாற்பது வருஷத்துக்கு முன் ஃபைனலில் ஹரியின் தெருவும் மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளர் டீமும். சுமட்டுக்காரர்களுக்கு ஆட வந்திருந்தது உன் ராசப்பன் மாமா. அப்போது உன் அம்மாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள், கோடவுனில் மூட்டை எண்ணுகிறவனுக்கா என்று மாமா பிடிகொடுக்கவில்லை. கோலே விழவில்லை, நேரம் முடிந்துவிட்டது, வாட்சைப் பார்த்தேன், துண்டைத் தூக்கப் போனேன், பந்து மாமாவின் காலுக்கு வந்தது. என் கை எழும்பவில்லை மகளே. இரண்டு நிமிஷம் எழும்பவில்லை. அதற்குள் மாமா கோல் போட்டுவிட்டார், கோப்பை அவர்களுக்குப் போனது. ஜெயித்த குஷியில் மாமா சம்மதித்தார், மறுமாசம் நிச்சயதார்த்தம். மாமாவுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. தோற்ற டீமின் கேப்டன் ஹரி, அவனோடுதான் நாற்பது வருஷமாகச் சாயா குடிக்கிறேன், ஒரு நாளும் வாய் வரவில்லை.

உன்னைப் பெற்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த வீடியோவில் நம்பர் குறைந்துகொண்டே வந்தபோது எனக்கு வந்தது வேறு. ஊரே உன் டீம், ஊரே கத்துகிறது, சம்பளம் கொடுக்கிறவரும் அந்தப் பக்கம், என் மகள் நேரத்துக்கு அமுக்கினாள், நேரத்துக்கு ஓடவிட்டாள். என்னால் முடியாததை என் பிள்ளை செய்ததைப் பார்த்தேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், தூசு விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

இதுவரை எழுதி மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லிவிட்டு ஹரியிடம் சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை. நேற்று சாயாக் கடையில் அவனைக் காது மிஷினை மாட்டச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு, "ரெண்டு நிமிஷமில்ல தங்கதுரை, ரெண்டே முக்கால், எனக்கு அன்னைக்கே அறியாம்" என்றான், அன்றைக்கே தெரியுமாம். அவன் அண்ணன் எனக்குப் பின்னால் கையில் வாட்சோடுதான் உட்கார்ந்திருந்தாராம். ஏண்டா அன்றே கேட்கவில்லை என்றேன். கேட்கத்தான் இருந்தானாம், அடுத்த வருஷம் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று அண்ணனின் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தானாம். "பின்னே பதினொரு வருஷம் நோக்கினேன், நீ ஒரு செகண்ட் தெற்றியில்ல, தப்பே இல்ல, அதான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு மிஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அதற்குமேல் பேச இஷ்டமில்லை என்றால் அப்படித்தான் செய்வான்.

வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் சத்தத்துக்குப் பயந்து விடாதே. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் யாரோ ஒருவர் தன் கை வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது அந்தத் தொப்பிக்காரப் பெரியவராகக்கூட இருக்கலாம். அவர் உன்னிடம் வந்து எதுவும் சொல்லப் போவதில்லை.

ஷங்கர் கொடுத்த காதுப் பஞ்சு பார்சலில் வருகிறது, கூச்சப்படாமல் வைத்துக்கொள். நேந்திரங்காய் உப்பேரியும் கொஞ்சம் இருக்கிறது, ஒரே நாளில் தின்றுவிடாதே. அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, ஓணத்துக்கு மாமா ஆலுவாவிலிருந்து வரும்போது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து நானே சொல்கிறேன், அதன்பிறகு எனக்குச் சோறு கிடைக்குமா என்று பார்க்கலாம். நீ நூறு வருஷம் நன்றாக இரு. இந்தப் பார்சல் வந்துசேரும் வாரம் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊரில் ஆட்டம் என்று ஷங்கர் சொன்னான், நேரத்துக்கு அமுக்கு.

உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட
அப்பா,
தங்கதுரை