வாசல் விளக்கின் அடியில் ஒரு ஓட்டை

செப்டம்பர் 4, வியாழன்
அம்மாவின் கணுக்கால் எலும்பு கூடிவிட்டதாம். திங்கள் முதல் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். திரும்பி வர மாலை ஏழு ஆகும், இருட்டிவிடும். போன தடவை அம்மா விழுந்ததும் இதே ஏழு மணிக்குத்தான், வாசலின் மூன்றாவது படியில். வாசல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிந்து என்ன? கண்ணாடிக்குள் ஒரு கைப்பிடி செத்த பூச்சி. இந்த வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கிறான் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

செப்டம்பர் 5
அம்மா படி ஏறுவதைப் பார்த்தேன். சுவரில் ஒரு கை. ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து... பட்டப்பகலில்!
"வேலையை விட்டுடலாமான்னு என்கிட்ட கேட்டாங்க" என்றாள் தங்கை.
பதினெட்டு வருஷ வேலை. ஒரு படிக்குப் பயந்தா? விடமாட்டேன்.

செப்டம்பர் 6, சனி
மெயினை அணைத்துவிட்டு வாசலில் இருக்கும் நான்கு விளக்குகளையும் கழற்றினேன். சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ். ஒரு திருகு துருப்பிடித்து அரை மணி நேரத்தை விழுங்கியது. ஏணியைப் பிடித்தபடி தங்கை நேரடி வர்ணனை: "ஒரு பல்லி முட்டை. இன்னொண்ணு. அண்ணா, இது விளக்கா, பிரசவ வார்டா?"
ஒவ்வொரு விளக்கின் அடியிலும் பென்சில் முனை அளவு ஒரு ஓட்டை. இதை வடிவமைத்தவன் தூங்கிவிட்டானா? பூச்சிக்கு வாசல் வைத்திருக்கிறான்! நான்கையும் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன்.
"விளக்கோட கூட வந்த தாளைப் படிச்சுப் பாக்கலாமே" என்றாள்.
"நான் படிச்சதே போதும். ஏணியைப் பிடி."

செப்டம்பர் 7
நான்கும் நிலா மாதிரி. எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்
நடந்ததை எழுதிவிடுகிறேன்.
அம்மாவுக்கு வேலையில் முதல் நாள் என்று நான் லீவு போட்டிருந்தேன். மதியம் முழுக்க மழை. ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டேன் — டப். வீடே இருட்டு. மின்வாரியத்தைத் திட்டினேன். பக்கத்து வீட்டில் வெளிச்சம். மழையைத் திட்டினேன். வாசல் விளக்குகளின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டால் வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. ஆக, கோளாறு வெளியேதான். ஏணியில் ஏறிப் பார்த்தேன். படிக்கு மேலிருந்த விளக்கில் பாதி டம்ளர் தண்ணீர். பல்பு குளித்துக்கொண்டிருந்தது.
கீழிருந்து டார்ச் அடித்த தங்கை மெதுவாகக் கேட்டாள்: "வயர் வர்ற வழியா சுவர்த் தண்ணி எப்பவும் கசியும்ல? இத்தனை நாள் அது எங்க போச்சு?"
ஓட்டை. தண்ணீர் வடிய வைத்த ஓட்டை.
ஐந்து வருடம் படித்தவன் — நாலு வருடப் படிப்புதான், ஒரு வருடம் அரியர் — நான் ஒரு முழு முட்டாள்.
"அழறதுக்கு நேரமில்ல, ஹேர்பின் வேணுமா?"
அதே ஹேர்பினால்தான் பசையை நோண்டி எடுத்தேன். அவளுடைய ஹேர்டிரையரால்தான் உள்ளே காய வைத்தேன். புது பல்பு. மற்ற மூன்று ஓட்டைகளையும் திறந்தேன். ஆறு ஐம்பத்தைந்துக்குப் போட்டோம். எரிந்தது.
கேட் சத்தம்.
"ஏண்டா, மழை கொட்டியிருக்கு, கொடியில துணி அப்படியே தொங்குது! ரெண்டு தடிமாடு வீட்ல இருந்து என்ன பிரயோஜனம்? என் ஒரு புடவையாவது உங்க கண்ணுல படலையா..."
திட்டிக்கொண்டே முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. நின்று பார்க்கவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. சுவருக்குக் கையே மிச்சமில்லை.
தங்கை என்னைக் கிள்ளினாள். வலித்தது. பரவாயில்லை.

செப்டம்பர் 12
நான்கு விளக்குகளின் அடியிலும் ஓட்டையைக் காட்டி மார்க்கரால் அம்புக்குறி: 'அண்ணா, இது தண்ணிக்கு, உனக்கில்லை.' துடைக்கத் துணி எடுத்தேன், வைத்துவிட்டேன்.
வேலையை விடுகிற பேச்சே அம்மாவிடம் இல்லை. என்னைத்தான் நேரத்தோடு வேலைக்குக் கிளம்பச் சொல்லித் தினமும் விரட்டுகிறாள்.