பக்கெட்டில் ஊறிய வெள்ளைத் துணி

தேவகி,

சோறு ஆக்கிவிட்டேன். ரசத்தைச் சூடு பண்ணிக்கொள். மாற்றுச் சாவி அரிசி டின்னுக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுக்கவில்லை, அவர்களை நம்ப முடியாது. நான் டாக்சி பிடித்துக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நாளைக்கு நெஞ்சைக் கிழிக்கிறார்கள்.

நேற்று நான் கத்தினதும், "துணிதானேப்பா, வேற வாங்கித் தரேன் லா" என்றாய். அது கோடித் துணி. நான் செத்தால் போர்த்த நானே வாங்கி அலமாரியில் வைத்தது. உன் அம்மா செத்தபோது கோடி போட வேண்டிய உன் மாமன், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றான். எனக்கு மட்டும் கொண்டுவந்து கிழித்துவிடுவானா? நீ அதைத் தைக்கிறதுக்கு முன்னால் சுருங்கட்டும் என்று பக்கெட்டில் ஊறப் போட்டுவிட்டாய். நனைந்தால் அது கோடி இல்லை.

போகட்டும், அதையே வெட்டு. எஸ்டேட் பங்களாவை ஹோட்டலாக்கினவன் கேட்ட துரைசானி கவுனுக்கு அதுதான் சரி. அவன் கொடுத்த பழைய போட்டோவில் அவள் போட்டிருப்பது பருத்தி. நீ முதலில் வாங்கிய போலியஸ்டர் மினுக்குகிறது, பார்த்தாலே பொய் தெரியும்.

அயர்ன் சுவிட்சை அணைத்துவிட்டுப் படு.

அப்பா

தாளின் ஓரத்தில்தான் இடம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் வெள்ளைப் பருத்தி எட்டு முழம் வாங்கி வை. நான் திரும்பி வந்தால் அதிலும் கவுன் தைத்துக்கொள். அதுவரைக்கும் தண்ணீரில் போடாதே.