நீலக் கேனின் மேல் எண் ஒன்று

தென்முனை-2 நிலையம், நிலா. ஆண்டு 2094.
பதிவாளர்: ரெஜினா பர்னாந்து, வேதியியல் பொறுப்பாளர்.

நாள் 212 / 08:10
சரக்குக் கலம் இறங்கியது. நீலக் கேன்கள் நாற்பது; கழுவும் திரவம் முதல் எரிபொருள் வரை எல்லாம் ஒரே நீலத்தில். சேதமில்லை. நிலையத்தில் இருவர்: நான், பராமரிப்பைப் பார்க்கும் சுடலைமணி. இருவரும் நலம். காற்றுச் சுத்திகரிப்பான் சீராக ஓடுகிறது.

ஒரு குறிப்பு. புதிய கேன்களில் சர்வதேச முறை லேபிள். இதுவரை நம் நாட்டு விதிப்படி ஆபத்தை ஒன்று முதல் நான்கு வரை எண்ணினோம். நான்குதான் மிக மோசம். சர்வதேச முறை இதற்குத் தலைகீழ். அங்கே ஒன்றுதான் மிக மோசம். இந்த மாதம் முதல் நமக்கும் அதுவே விதி. கிடங்கில் பழைய லேபிளோடு இன்னும் அறுபத்தொரு கேன்கள் இருக்கின்றன.

நாள் 212 / 15:40
பழைய கேன்களில் ஒட்ட வேண்டிய புது லேபிள்கள் சரக்கில் இல்லை. பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டைக் கேட்டேன். அதிகாரி வசுமதியின் பதில்:

"எடை கூடிப்போச்சுன்னு லேபிள் கட்டை இறக்கிட்டாங்க ரெஜினா. மாறுதல் காலம்தான் ரெண்டு வருஷம் இருக்கே. அதுவரைக்கும் ரெண்டு லேபிளும் செல்லும். பழசு தீர்ற வரைக்கும் அப்படியே ஓட்டுங்க."

அந்த மாறுதல் காலப் பிரிவை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாளை பணி முடிந்ததும் கேன்களைப் பிரித்து அடுக்க வேண்டும், மணியண்ணனுக்கும் புது எண்முறையைச் சொல்ல வேண்டும்.

நாள் 213 / 10:25
நான் வெளியே, பனி வெட்டும் பள்ளத்தில். மணியண்ணன் உள்ளே. வானொலிப் பதிவு அப்படியே:

"மேடம், ஃபில்டர் வலைய கழுவிட்டேன். புதுக் கேன் ஒண்ணத் தொறந்து அதுலதான் கழுவினேன். என்னமோ மீன் வாடை அடிக்கு. கண்ணு எரியுது."

"எந்தக் கேன் அண்ணே? மேல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. அதான் முகமூடி போடல."

"உடனே அந்த ரூமை விட்டு வெளிய வாங்க! வலைய மாட்டாதீங்க!"

"மாட்டியாச்சே மேடம். காயிறதுக்கு ஹீட்டரும் போட்டாச்சு."

10:31. தீ.

நாள் 213 / 14:00
தீ அணைந்தது. சுத்திகரிப்பான் உருகிவிட்டது. மணியண்ணனை வெளியே இழுத்துவந்து, அந்த அறையை மூடி முத்திரையிட்டேன்.

கேனில் இருந்தது ஹைட்ரசீன், ராக்கெட் எரிபொருள். தோலில் பட்டாலும் நஞ்சு, மூச்சில் போனாலும் நஞ்சு. லேபிளில் அதன் பெயர் இல்லை, நிறுவனத்தின் சரக்கு எண்தான் இருந்தது. மண்டை ஓட்டுப் படம் இருந்தது. ஆனால் பழைய விதியில் தரை துடைக்கும் திரவத்துக்குக்கூட மண்டை ஓடு ஒட்டினோம். அதை யாரும் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. எண்ணைத்தான் பார்ப்பார்கள். அவரும் எண்ணைத்தான் பார்த்தார்.

மணியண்ணனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. மருந்துப் பெட்டியில் இருந்த ஊசி இரண்டையும் போட்டுவிட்டேன். வேறு மருந்து இல்லை.

நாள் 215 / 09:15
இன்று காலை நினைவு தெளிந்தது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. அவர் கேட்டதை எழுதி வைக்கிறேன்.

"நான் தப்பாப் படிச்சிட்டனா மேடம்?"

இல்லை, சரியாகத்தான் படித்தீர்கள் என்றேன்.

"அப்ப வீட்ல அதச் சொல்லுங்க. கேன் தப்புன்னு சொல்லுங்க. மணி தப்புன்னு சொல்லிராதீங்க."

11:40. சுடலைமணி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் சேரன்மகாதேவி. இதைக் கண்டெடுப்பவர் அவர் மனைவி பேச்சித்தாயிடம் மேலே உள்ள வரிகளைக் காட்ட வேண்டும்.

நாள் 216 / 10:00
அவசரக் காற்று வடிகட்டிகள் ஒருவருக்குப் பத்து நாள் தாங்கும். மீட்புக் கலம் வரப் பதினேழு நாள். மூன்று முறை கணக்கிட்டேன்.

முதற்கட்ட விசாரணை அறிக்கை வந்தது. காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. என் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். தர மாட்டேன் என்று அனுப்பினேன்.

சரக்குப் பட்டியலைப் பார்த்தேன். இதே கேன்கள் தென்முனை-3 நிலையத்துக்கும் போயிருக்கின்றன. அங்கே ஏழு பேர். அவர்கள் ஃபில்டர் கழுவும் நாள் 224.

நாள் 216 / 16:20
தென்முனை-3க்கு எச்சரிக்கை அனுப்பினேன். "தரையின் பரிசீலனையில்" என்று நிலை காட்டுகிறது. வசுமதி:

"விசாரணை முடியிற வரைக்கும் உங்க ஸ்டேஷன்லேர்ந்து போற எல்லாமே எங்க வழியாத்தான் போகணுமாம். எல்லா ஸ்டேஷனையும் எச்சரிச்சு சுற்றறிக்கை எழுதி மேல அனுப்பிட்டேன் ரெஜினா. ஒப்புதல் வரல. நான் விட மாட்டேன், தினமும் கேக்குறேன்."

நாள் 219 / 13:30
இன்று தரையில் வேறு குரல். ஆண். வசுமதி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாராம். அவர் வாசித்தது:

"தொழில்துறையின் கோரிக்கையை ஏற்று மாறுதல் காலம் நான்கு ஆண்டுகளாக நீட்டிக்கப்படுகிறது. இரு லேபிள்களும் தொடர்ந்து செல்லும்."

சுற்றறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டேன். தனக்கு அதுபற்றித் தெரியாது என்றார்.

நாள் 222 / 11:00
தலைவலி. வடிகட்டிகள் தளர்கின்றன, கரியமில வாயு ஏறுகிறது. கேன்களில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எண் போடவில்லை. "கொல்லும்", "எரியும்", "கழுவலாம்" என்று மட்டும். எழுபது முடிந்தது. மீட்க வருபவர்களுக்காவது உதவும்.

முத்திரையிட்ட அறையைத் திறக்காதீர்கள். காப்பு உடை இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள்.

எச்சரிக்கை இதுவரை முப்பத்தொரு முறை. எல்லாம் பரிசீலனையில்.

நாள் 224 / 11:50
வானொலியில் தென்முனை-3. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது மட்டும் தரை வழியாகத்தான் போக வேண்டும்:

"தென்முனை-3, குழந்தைதெரசு பேசுறேன். ரெஜினா மேடம், இன்னைக்கு ஃபில்டர் கழுவணும். பழைய கேன் தீந்துபோச்சு. புதுசுல ஒண்ணுன்னு போட்டிருக்கு. இது போதும்ல?"

11:51. அனுப்பினேன். வேண்டாம். தொடாதீர்கள். ஒன்றுதான் மிக மோசம்.
நிலை: தரையின் பரிசீலனையில்.

11:55. மறுபடியும். பரிசீலனையில்.

11:59. தரையை அழைத்தேன். பொறுப்பாளர் கூட்டத்தில் இருக்கிறாராம்.

12:06.
"மேடம், சத்தத்தையே காணும். சரி, நேரமாச்சு, நாங்க ஆரம்பிக்கிறோம்."

12:07. தெரசு வேண்டாம் திறக்காதே
பரிசீலனையில்

12:09. தெரசு