அம்மா ஆடி முடித்த விளையாட்டுகள்

மதிப்பிற்குரிய நலப்பிரிவு அதிகாரி அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பையனின் தாய் எழுதுகிறேன். உரிமையாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டையில் அந்தக் கப்பல் அயல்நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை சாப்பிட மாட்டோம் என்று மிச்சமிருக்கும் ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னீர்கள். மற்ற ஐந்து பேரும் என் மகன் பேச்சைத்தான் கேட்கிறார்கள், அதனால் பட்டினியை விட்டுவிடு என்று நான் ஒரு வரி எழுதினால் போதும் என்றும் சொன்னீர்கள்.

அந்த வரியை நான் எழுதவில்லை. அவன் செய்வது சரியா தப்பா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாத ஒன்றை உங்களுக்காக என் கையெழுத்தில் எழுதித் தர முடியாது. வழக்கு, வக்கீல், பத்திரிகை எதையும் தொடக் கூடாது, தொட்டால் அந்த வரிகளை மை பூசி அடித்துவிடுவோம் என்றீர்கள். தொடவில்லை. போன கடிதத்தில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் வச்சிட்டு வந்த கேம்ல ஏதாவது முடிச்சியாம்மா? எப்படி இருந்துச்சுன்னு உள்ளதைச் சொல்லு." அதற்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன். அத்தனை தாளும் வீடியோ கேம்தான்.

துறைமுகத்திலிருந்து கப்பலுக்குப் போகும் வாரப் படகு கிளம்புவதற்குள் சேர்த்துவிடுங்கள். போகவில்லை என்று தெரிந்தால் நேரில் வந்து உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். பிடிவாதம் அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று அப்போது புரிந்துகொள்வீர்கள்.

இப்படிக்கு,
டிரைவிங் ஸ்கூல் டீச்சர்

* * *

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நாங்கள் நலம் என்று புளுகப் போவதுமில்லை. வீடு இருக்கிறது, அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். நீ கேட்டதற்கு வருகிறேன்.

முதலில் கார் பந்தயம். தெரிந்த தொழிலாயிற்றே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அட கடவுளே, இதையா நீ மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தாய்? ஒருத்தனாவது பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறானா? இண்டிகேட்டர் என்ற பேச்சே கிடையாது. வளைவில் முந்துகிறான், நடைபாதையில் ஏறுகிறான், பின்னால் வந்து இடித்துவிட்டு ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறான். நான் எல்லா வளைவிலும் வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். எல்லாப் பந்தயத்திலும் கடைசி. உன் அப்பா லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் நின்று, "என்னம்மா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று கேட்டார். அந்த வார்த்தையில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் நானும் இடித்தேன். கொஞ்ச நாளில் கோப்பையே வாங்கிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அது கெட்ட விளையாட்டு. ஆனால் மனசில் கோபம் இருக்கிற நாளில் அதைப் போல் மருந்து இல்லை. இங்கே எனக்குக் கோபத்துக்குப் பஞ்சமில்லை. யார்மேல் என்று எழுதக் கூடாது.

அடுத்தது அந்த வாள்காரன். பெரிய வீரன், உலகத்தைக் காப்பாற்றப் போகிறவன், ஆனால் கண்ட வீட்டுக்குள் எல்லாம் செருப்போடு நுழைந்து பானையை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். பெற்றவள் வளர்த்த லட்சணமா அது? கடைசியில் வரும் பூதத்திடம் எத்தனை தடவை செத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. செத்தால் என்ன, வாசலில் திரும்ப எழுந்து நிற்கிறான், உடம்பைத் தட்டிவிட்டு உள்ளே போகிறான். முடித்துவிட்டேன், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவன் எழுந்து வருவது எனக்கு இப்போது வேடிக்கையாக இல்லையடா.

இனி நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் உன் பெயரில், உன் கணக்கிலேயேதான் ஆடிக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பெட்டியைப் போடும்போதெல்லாம் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரியும், உன் சிநேகிதர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியில் எரிகிற விளக்குகள்தான். ஒரு நாள் சாயங்காலம் காலிங்பெல்லை யாரோ விடாமல் அழுத்தினார்கள். கதவைத் திறந்தால் ஒரு பெண். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக் கோட்டுகூடக் கழற்றவில்லை, ஹெல்மெட் கையில், மூச்சு வாங்குகிறது. "வந்துட்டானா ஆன்ட்டி? ஆன்லைன்ல காட்டுது, எங்க அவன்?" என்று என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள். என் கையில் உன் கன்ட்ரோலர். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. வரும் வழியிலேயே சந்தோஷத்தில் உங்கள் கப்பல் சமையல்காரரின் மனைவிக்கும் போன் போட்டுவிட்டாளாம், கப்பல் வந்துவிட்டது என்று. அந்த அம்மா இருந்த இடத்திலிருந்து கிளம்பி, கம்பெனி வாசலில் போய் நின்றுவிட்டார். நானும் இந்தப் பெண்ணும் ஸ்கூல் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். வண்டியின் மேலே "கற்பவர்" பலகையோடு போய், வரவில்லை, நான்தான் விளையாடினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஜெயிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். அன்றோடு உன் கணக்கிலிருந்து வெளியே வந்து எனக்கென்று ஒன்று திறந்துகொண்டேன். என் பெயர் இப்போது "இரட்டை பிரேக்". எங்கள் ஸ்கூல் வண்டியில் டீச்சர் பக்கம் இருக்குமே, அது.

சரி, அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவள் பெயர் விளையாட்டில் "ஒற்றைச்செருப்பு" என்றிருக்கிறது. எதனால் அந்தப் பெயர் என்று கேட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டு அவனையே கேளுங்கள் என்றாள். திருட்டுப் பயலே, ஒரு வார்த்தை சொன்னாயா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? அவள் இப்போது வேலை முடிந்து நேராக இங்கேதான் வருகிறாள். வந்தால் என் தட்டைத்தான் முதலில் பார்க்கிறாள். எனக்கு இறங்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சாப்பிட்டாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்" என்கிறாள். உன்னைப் போலவே ஒரு பிடிவாதக்காரியைப் பிடித்திருக்கிறாய்.

அவளோடு சேர்ந்துதான் அந்தக் கயிறு விளையாட்டை முடித்தேன். இரண்டு குட்டி ஆட்கள், இடுப்பில் ஒரே கயிறு, மலை ஏற வேண்டும். ஒருத்தர் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர் தாவ முடியும். முதலில் தினமும் சண்டை. நான் வாய் ஓயாமல் "பிரேக், பிரேக்" என்று கத்துவேன், அவள் "இதுல பிரேக்கே கிடையாது ஆன்ட்டி, பிடிங்க, விடாதீங்க" என்பாள். ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டுத் தாவி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். அதற்கு அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். விளையாட்டுக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். தலையைத் தடவிக்கொடுத்தேன். ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கயிறு விளையாட்டு நல்ல விளையாட்டு. ஆனால் மேலே போனதும் என்ன செய்வது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியவில்லை. ஒரு பாட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

நடுவில் விவசாய விளையாட்டும் ஒன்று முடித்தேன். அதை ஆடியது பாதி அப்பாதான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பூசணிக்காய் கொடுப்பது. ஒருவரும் ஒருவரையும் தொந்தரவு செய்வதில்லை, தூக்கம் வருகிறது. அப்பாவுக்கு உயிர். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். உன்னைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. மாட்டுக்கு உன் செல்லப்பெயரை வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

இனி ஒன்றுதான் பாக்கி. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாயே, கடலில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதை. முதல் தடவை திறந்து, அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் மூடிவிட்டேன். மூடினால் அவன் அங்கேயே நடுக்கடலில் நிற்பான் என்ற நினைப்பு விடவில்லை. பாத்திரம் கழுவும்போதும் அவன்தான், பிள்ளைகளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போதும் அவன்தான். மறுநாளே திரும்பவும் திறந்தேன். எப்படியாவது இவனைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அதில் திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள். ஒன்று சாப்பாடு, ஒன்று தண்ணீர். எனக்குக் கண்ணெல்லாம் சாப்பாட்டுக் கோட்டின் மேல்தான். பெற்றவள் புத்தி வேறு எங்கே போகும்? மீன் மீன் என்று தூண்டிலைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது போன் அடித்தது. இப்போதெல்லாம் போன் அடித்தாலே எனக்கு வேறு எதுவும் நினைவில் நிற்பதில்லை. விளையாட்டை நிறுத்தி வைக்கத் தோன்றாமல் ஓடினேன். அந்த போனில் என்ன சொன்னார்கள் என்று எழுதக் கூடாது. கப்பலில் மயங்கி விழுந்தது நீ இல்லை, சமையல்காரர்தான் என்று தெரிந்தபோது நான் சாமிக்கு நன்றி சொன்னேன். சொன்ன கையோடு சமையல்காரர் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு பாவம் பிடித்த நன்றியை நான் சொன்னதே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் திரையில் படகு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, ஆள் இல்லை.

அவன் பசியால் போகவில்லையடா. சாப்பாட்டுக் கோட்டில் இன்னும் மிச்சம் இருந்தது. தண்ணீர்க் கோடுதான் காலியாகியிருந்தது. மீனையே பார்த்துக்கொண்டு அதை நான் கவனிக்கவே இல்லை.

அதற்கப்புறம் வேறு மாதிரி ஆடினேன். மழை பெய்யும்போது படுதாவை விரித்துப் பிடித்தேன். மீன் கிடைத்தால் கிடைக்கட்டும், தண்ணீர்க் கோட்டை மட்டும் கீழே இறங்க விடவில்லை. நாள் கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடந்தான், ஆனால் இருந்தான். கரை தெரிந்தபோது அப்பாவும் அவளும் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்கள் என்பதுகூடத் தெரியாது. நான் ஆடியதிலேயே உசத்தியான விளையாட்டு அதுதான். இனிமேல் அதை ஆட மாட்டேன். இந்த வீட்டில் வைத்துக்கொள்ளவும் மாட்டேன், அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

விளையாட்டை நம்பி மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கண்ணாடிக் கடைக்கு மாடியில் இருக்கும் டாக்டரிடம் அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தண்ணீரை விடவே கூடாதாம். தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டுமாம், துளி உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு என்றைக்குச் சாப்பிட ஆரம்பித்தாலும் எடுத்த எடுப்பில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாதாம், அதுவும் ஆபத்தாம்.

அதிகாரி அம்மா, நீங்கள் இந்தத் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விளையாட்டை மட்டும் எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. ஆனால் பிள்ளையைத் தண்ணீர் குடி என்று சொல்வது எந்த வழக்கிலும் சேராது. கை வைக்காமல் அனுப்புங்கள்.

கண்ணா, விட்டுவிடு என்று எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. நீயும் மற்றவர்களும் பேசி எடுத்த முடிவு, உங்கள் உடம்பு, உங்கள் நியாயம். விடாதே என்றும் எழுத மாட்டேன், அந்த அளவுக்கு எனக்கு நெஞ்சுறுதி இல்லை. தண்ணீர் மட்டும் குடி. நீ குடித்தால் அவர்களும் குடிப்பார்கள். சமையல்காரருக்கு நீயே எழுப்பி உட்காரவைத்துக் கொடு. அவர் வீட்டில் கேட்டால் கொடுத்தான் என்று நான் சொல்ல வேண்டும்.

எப்போதும் கடிதம் முடிக்கும்போது நன்றாக இரு, பேரோடு இரு, பெரிய ஆளாக இரு என்று எழுதுவேன். இந்தத் தடவை அதெல்லாம் வேண்டாம் சாமி. இரு. எனக்கு அது போதும்.

உன் அம்மா